நீலா வந்த கொண்டெய்னர்

இந்த வருடத் தொடக்கத்தில் என் பழைய அலுவலகத்திலிருந்து ஷாமினி ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். மலேசியாவில் பிறந்து இங்கே ஆக்லாந்தின் ஆல்பனியில் படித்த பிள்ளை. நான் ஓய்வு பெற்ற வருடம்தான் வெளிநாட்டுச் சரக்கோடு பூச்சியும் விலங்கும் நாட்டுக்குள் வராமல் தடுக்கும் எங்கள் உயிர்ப்பாதுகாப்புப் பிரிவில் பரிசோதகராகச் சேர்ந்தாள். புதிதாக வேலைக்கு வந்திருப்பவர்களுக்குக் கொடுக்க, "அங்கிளோட பைத்தன் கேஸ்" பற்றி நாலு பக்கம் எழுதித் தர முடியுமா என்று கேட்டிருந்தாள். இப்போது கொண்டெய்னருக்குள் கமெராவை விட்டுப் பார்க்கிறார்களாம். ஒரு மனிதன் கழன்று கிடந்த தோலை மட்டும் பார்த்துப் பாம்பின் இனத்தைச் சொன்னான் என்பது அவர்களுக்குப் பெரிய விஷயமாக இருக்கிறதாம்.

அந்தக் கதை எனக்கும் தெரியும். என் பிரியாவிடையில் இரண்டு பேர் அதை எழுந்து நின்று சொன்னார்கள். நான் கேக் வெட்டிய கத்தியைக் கையில் பிடித்தபடி சிரித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அது நடுவிலிருந்து வெட்டியெடுத்த ஒரு துண்டு. அதற்கு முன்னும் பின்னும் இருப்பதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை, என் மனைவிக்குக்கூட. ஷாமினிக்குப் பதில் எழுத இவ்வளவு மாதம் எடுத்ததற்குக் காரணமும் அதுதான்.

நான் யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படித்தவன். அகதியாக ஆக்லாந்துக்கு வந்து, இரண்டு வருடம் அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவு செய்து, பிறகு இந்த வேலைக்கு எடுபட்டேன். பயிற்சி ஆறு மாதம். மண், விதை, பூச்சி முட்டை, நத்தை, எறும்பு. நியூசிலாந்தில் பாம்பு இல்லை. காட்டிலும் இல்லை, மிருகக்காட்சிசாலையிலும் இல்லை. வீட்டில் வளர்க்க ஒருவருக்கும் அனுமதி கிடையாது. ஆமை வளர்க்கலாம், சிலவகை ஓணான் வளர்க்கலாம், பாம்பு மட்டும் கூடாது. கப்பலில் தப்பித் தவறி ஒன்று வந்தால் அதை உயிரோடு விடுவதில்லை. இதைப் பயிற்சியின் முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார்கள். வன்னியில் வெங்கிணாந்தி மலைப்பாம்பு பார்த்து வளர்ந்த எனக்கு அது விசித்திரமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

எங்களுக்கு மேலதிகாரியாக இருந்தவர் கிரேம். செம்மறிப் பண்ணையில் வளர்ந்த நெடிய மனிதர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கொண்டெய்னருக்குள் ஏறுமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். நேரம் பார்க்கிறவனுக்குப் பூச்சி தெரியாது என்பார். டோர்ச்சை நேராக அடிக்கமாட்டார். சுவரோடு சாய்த்துப் பிடிப்பார். அப்போதுதான் ஒட்டியிருக்கும் முட்டையின் நிழல் விழும். கதவு, இரண்டு பக்கச் சுவர், பின்சுவர், கூரை, தரை என்று ஆறு பக்கம். அதன் பிறகு சரக்கின் மேல், சரக்கின் கீழ். நாங்கள் திரும்பி வந்தால் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை பக்கம் பார்த்தாய்?"

எங்கள் படிவத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. பார்க்க முடியாத பகுதிகள் எவை என்று எழுத வேண்டும். வெறுமையாக விட்டால் எல்லாம் பார்த்தாயிற்று என்று பொருள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒருநாள், கூரை ஓடுகள் வந்த கொண்டெய்னரின் பின்சுவரை என்னால் எட்டிப் பார்க்க முடியவில்லை. அவமானமாக இருந்ததால் அந்த வரியை விட்டுவிட்டேன். அலுவலகத்துக்கு வந்ததும் மனம் பொறுக்காமல் கிரேமிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. வாகனச் சாவியை எடுத்துக்கொண்டு, "வா, போய்ப் பார்த்துவிட்டு வருவோம்" என்றார். போய்ப் பார்த்தோம். ஒன்றும் இருக்கவில்லை. திரும்பும் வழியில் பிஷ் அண்ட் சிப்ஸ் வாங்கித் தந்தார். அதோடு அந்த விஷயம் முடிந்தது. உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்பதை அப்படி நான் நேரிலேயே கண்டவன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு நான் செய்ததற்குப் பயத்தைக் காரணம் காட்ட எனக்கு இடமில்லை.

பத்து வருடம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல். ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு களஞ்சியத்துக்கு ஆஸ்திரேலியாவின் வட குயின்ஸ்லாந்திலிருந்து பழைய மர அறுவை இயந்திரம் ஒன்று வந்திருந்தது. பாவித்த இயந்திரம் என்றால் எங்களுக்குக் கூடுதல் வேலை. இடுக்கெல்லாம் மண்ணும் மரத்தூளும் இருக்கும். நான் சுவர்களைப் பார்த்தேன், கூரையைப் பார்த்தேன், இயந்திரத்தின் மேற்புறத்தைப் பார்த்தேன். அடிப்புறத்தைப் பார்க்க வேண்டுமானால் அதை ஃபோர்க்லிஃப்டால் தூக்க வேண்டும்.

களஞ்சியத்தில் வேலை செய்த ஒருவர் பக்கத்தில் நின்றார். முப்பத்தைந்து வயதிருக்கும். என் சட்டையிலிருந்த பெயரைப் பார்த்துவிட்டுத் தமிழில் பேசினார்.

"அண்ணே, ஃபோர்க்லிஃப்ட் நான் எடுத்தாரட்டா? தூக்கிக் காட்டுறேன். பத்து நிமிசம்தான்லா."

"தேவையில்லைத் தம்பி. நான் பாத்திட்டன்" என்றேன்.

கீழே நான் பார்த்திருக்கவில்லை. மோட்டர்வேயில் நெரிசல் தொடங்குமுன் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பதைத் தவிர வேறு ஒரு காரணமும் இல்லை. வீட்டில் யாருக்கும் சுகவீனம் இல்லை. எனக்கு எங்கும் அவசரம் இல்லை. படிவத்தின் கடைசி வரியை வெறுமையாக விட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த நான்கு வருடம் அந்தக் கொண்டெய்னரை நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

பாம்பைக் கண்டதாக எங்களுக்கு அடிக்கடி தொலைபேசி வரும். போய்ப் பார்த்தால் ஓடையிலிருந்து ஏறிய விலாங்காக இருக்கும், இல்லையென்றால் யாரோ பிள்ளையின் ரப்பர்ப் பாம்பாக இருக்கும். நான்காம் வருடம் ஒரு பெண்மணி தன் தோட்ட வேலியில் காற்றுக்கு ஏதோ வந்து சிக்கியிருக்கிறது என்றார். பிளாஸ்டிக் என்று நினைத்துப் போனேன். வேலியில் கிடந்தது பாம்புச் சட்டை. தலையிலிருந்து வால் வரை ஒரே துண்டாக, என் உயரத்தின் இரண்டு மடங்கு. கழலும்போது தோல் இழுபடும் என்பதால் பாம்பு அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அப்படியும் மூன்று மீற்றருக்குக் கிட்ட.

அலுவலகத்தில் அதை ஈரத்துணியில் சுற்றி மிருதுவாக்கி, கண்ணாடி மேசையில் விரித்து, கீழிருந்து விளக்கடித்துப் பார்த்தேன். மலைப்பாம்புகளில் பலவற்றுக்குத் தலையில் சிறு செதில்கள் கலைந்து கிடக்கும். இதன் தலையிலோ பெரிய தகடுகள் ஒழுங்காக இரண்டு பக்கமும் ஒத்திருந்தன. உதட்டுச் செதில்களில் வெப்பத்தை உணரும் குழிகள். மெலிந்த கழுத்து, நீண்ட உடல். இரண்டு நாள் புத்தகங்களோடு இருந்துவிட்டு, ஆஸ்திரேலியாவிலும் இந்தோனேசியத் தீவுகளிலும் வாழும் ஸ்க்ரப் பைத்தன் என்று எழுதினேன். கிரேம் என் தோளில் தட்டினார். அவர் யாருடைய தோளிலும் தட்டுகிறவர் இல்லை. எல்லோரும் சொல்கிற கதை இதுதான். இந்த இடத்தில் அதை நிறுத்திவிடுகிறார்கள்.

வேலிக்கு மறுபக்கத்து வீட்டுக்குத் தேடுதல் ஆணை எடுத்துக்கொண்டு ஒரு காலை போனோம். கிரேம், நான், விசாரணை அதிகாரி ஹெலன், ஒரு மிருக வைத்தியர், இரண்டு பொலிஸார். கதவைத் திறந்தவரை எனக்கு எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. அவர் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"அண்ணே, நீங்களா" என்றார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதுதான் இன்றைக்கும் என்னை வதைக்கிறது.

அவர் பெயர் தேவராஜ். மலேசியாவின் ஈப்போக்காரர். ஹெலன் கேட்க முன்னமே ஒப்புக்கொண்டார். இருக்கிறது, பின்னறையில் இருக்கிறது, கதவைப் படாரென்று திறக்காதீர்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அறைக்கு இரண்டு கதவு போட்டிருந்தார். உள்ளே, சரக்குப் பெட்டிப் பலகைகளை இழைத்துச் செய்த உயரமான கூடு. முன்பக்கம் தடித்த கண்ணாடி. குறுக்கே மரக்கிளைகள். மேலே வெப்ப விளக்கு, கீழே குளிர்ந்த இடம், இரண்டிலும் வெப்பமானி. முழுப் பாம்பும் இறங்கி ஊறக்கூடிய தண்ணீர்த் தொட்டி. ஒரு துர்நாற்றம் இல்லை. சுவரில் தொங்கிய கொப்பியில் எந்த நாள் என்ன சாப்பிட்டது, எப்போது சட்டை கழற்றியது, எவ்வளவு எடை என்று நான்கு வருடக் கணக்கு. என் பரிசோதனைப் படிவங்களைவிட அது சுத்தமாக இருந்தது.

மேல்கிளையில் பாம்பு சுருண்டு கிடந்தது. மஞ்சள் கலந்த மண்ணிறம், உடல் முழுக்கக் கருமையான நெளிவு வரிகள். விளக்கு வெளிச்சம் பட்ட இடமெல்லாம் செதில்களின் மேல் ஊதாவும் நீலமுமாக ஒரு மினுக்கம் ஓடியது. அமெதிஸ்ட் என்னும் செவ்வந்திக் கல்லின் பெயரை இந்த இனத்துக்கு ஏன் வைத்தார்கள் என்று அன்றுதான் விளங்கியது. தலையை உயர்த்தி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது.

"நீலா" என்றார் தேவராஜ். "அவ பேரு."

மிருக வைத்தியர் மருந்துகளைத் தயார் செய்யும்வரை நாங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஹெலன் அடுத்த அறையில் தேவராஜின் மனைவி மல்லிகாவிடம் விவரம் எடுத்துக்கொண்டிருந்தார். கூட்டுக்கு முன்னால் நானும் தேவராஜும் மட்டும் நின்றோம். அவர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே இருந்தார். பேச்சை நிறுத்தினால் அழுதுவிடுவார் என்று தோன்றியது.

"ஈப்போல லைசென்ஸ் எடுத்து ரெண்டு வளத்தேண்ணே. ஒண்ணு இந்தோனேசியா சோரோங்லேர்ந்து வந்தது. கழுத்துல ரெண்டு கருப்புப் பட்டை இருக்கும், கோடு போட்ட மாரி. இன்னொன்னு ஹல்மஹெரா தீவு. எல்லாத்தையும் ஸ்க்ரப்புன்னுதான் சொல்றாங்க, ஆனா ஒவ்வொரு தீவுக்கும் ஒரு சாயல் இருக்கு. இவ வேற. பாருங்க, கழுத்துல பட்டையே இல்ல. இவ ஆஸ்திரேலியாக்காரி. இந்த ரகத்த அவங்க வெளிநாட்டுக்கு விக்க விடமாட்டாங்க. கடையில காசு குடுத்தாலும் கிடைக்காது."

"கடிக்காதோ?"

"கடிப்பா. பத்துத் தடவயாச்சும் கடிச்சிருக்கா. மத்த மலைப்பாம்பு மாரி தூங்கிக்கிட்டு கெடக்காது இது. நம்மள கவனிச்சுக்கிட்டே இருக்கும். கம்பியால மெதுவா தட்டிட்டு அப்றம்தான் கைய வைக்கணும், சாப்பாடு இல்ல நாந்தான்னு அவளுக்குத் தெரியணும். புதுசா பாம்பு வளக்குறவன் இத தொடவே கூடாது."

பிறகு கண்ணாடியில் விரலை வைத்தார்.

"அந்தத் திங்கக்கெழம மெசின தூக்கினேண்ணே. அடியில சட்டத்துக்குள்ள சுருண்டு கெடந்தா. என் கை நீளம்கூட இல்ல. ஃபோன் பண்ணியிருக்கணும், எனக்குத் தெரியும். பண்ணினா கொன்னுடுவீங்க. அதான் பண்ணல. தப்புத்தான்." என் முகத்தைப் பார்த்தார். "நீங்க அடியில பாக்கலன்னு நான் யார்கிட்டயும் சொல்லலண்ணே. உங்க வேலை இருக்குல்ல. நீங்களே சொல்லிருவீங்க."

அந்த நிமிடத்தில் நான் கிரேமைக் கூப்பிட்டு, இது என் கொண்டெய்னர், நான் இந்த விசாரணையில் இருக்கக் கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். கிரேம் நடைபாதையில்தான் நின்றார், ஆறு அடி தூரத்தில். நான் தேவராஜுக்குத் தலையாட்டினேன். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

பாம்பைத் தானே வெளியே எடுத்துத் தரலாமா என்று தேவராஜ் கேட்டார். தெரியாதவர்கள் பிடித்தால் கண்ணாடியில் மோதி முகத்தைக் கிழித்துக்கொள்ளும் என்றார். கிரேம் கொஞ்சம் யோசித்தார். "உன் பாம்பு. நீ எடு" என்றார். தேவராஜ் கம்பியால் தட்டினார், காத்திருந்தார், பிறகு இரண்டு கைகளையும் அடியில் கொடுத்து மெதுவாகத் தூக்கினார். அது அவர் முன்கையைச் சுற்றிக்கொண்டது. ஒவ்வொரு சுற்றாகக் கழற்றித் துணிப் பையில் இறக்கினார். கடிக்கவில்லை.

மிருக வைத்தியர் முதலில் மயக்க ஊசி போட்டார். பாம்புக்கு அது ஏற நேரமாகும். உடல் தளர்ந்த பிறகு பையிலிருந்து எடுத்து மேசையில் நீட்டி வைத்தார்கள். நடுப்பகுதியைப் பிடித்துக்கொள்ளும்படி என்னிடம் சொன்னார்கள். இதயம் இருக்கும் இடத்தை ஒரு சிறு கருவியால் தேடிக் கண்டுபிடித்து இரண்டாவது ஊசி. அதன் பிறகும் கருவியில் துடிப்பு கேட்டது. ஊர்வனவற்றின் இதயம் சுலபத்தில் நிற்காது. கால் மணிக்கு ஒரு தடவை வைத்துக் கேட்டார்கள். மூன்றாம் தடவைதான் நின்றது. அவ்வளவு நேரமும் தேவராஜ் அறையை விட்டுப் போகவில்லை. என் கைகளுக்குள் அந்த உடல் இளஞ்சூடாக இருந்தது.

வெளியே வரும்போது மல்லிகா என்னை மறித்தார். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவர். அந்தச் சீருடையோடு நின்றார்.

"அண்ணே, இங்கயே இருக்க பி.ஆருக்குப் போட்டிருக்கோம். அவரு விசா என்னாகும்?"

"அது என்ர பகுதி இல்லைத் தங்கச்சி" என்றேன்.

அடுத்து நடந்தவற்றை ஒழுங்காகச் சொல்கிறேன். தேவராஜ் தன் வாக்குமூலத்தில், பாம்பு இயந்திரத்தோடு வந்தது என்றார். அது உண்மையென்றால் குற்றம் மறைத்ததும் வைத்திருந்ததும் மட்டும். பொய்யென்றால் கடத்தல். ஹெலன் பழைய படிவத்தை எடுத்தார். கீழே என் கையெழுத்து. என்னிடம் வந்தார்.

"அந்தக் கொண்டெய்னரில் அது வந்திருக்க முடியுமா?"

"அந்தக் கொண்டெய்னரை நான்தான் பார்த்தேன்" என்றேன்.

இதில் பொய் எங்கே என்று பல வருடம் எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். ஹெலன் தலையசைத்துவிட்டு எழுதிக்கொண்டார். அவர் என்னை நம்பினார்.

இரண்டாவது, இன அறிக்கை. பாம்பின் உடல் உறைபெட்டியிலிருந்து வந்தது. செதில்களை நான் எண்ணினேன். வயிற்றுச் செதில், வாயோரச் செதில், தலைத் தகடுகள். கழுத்தில் பட்டை இல்லை. நெளிவு வரிகள் குயின்ஸ்லாந்து மாதிரிகளோடு ஒத்துப்போயின. தேவராஜ் கூட்டுக்கு முன்னால் நின்று சொன்னது அத்தனையும் சரி. ஆஸ்திரேலிய ரகம் என்று நான் எழுதினால், வெளிநாட்டுச் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்காத ரகம் என்று எழுதினால், அது கொண்டெய்னரில்தான் வந்தது என்று ஆகிவிடும். பிறகு எல்லோரும் அந்தப் படிவத்தைப் பார்ப்பார்கள். அப்போதுதான் என்னை மூத்த பரிசோதகராக உயர்த்தியிருந்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் பாம்புத் தோலோடு என் படம் வந்திருந்தது. கோயிலில் முன்பின் தெரியாதவர்கள்கூட வந்து கைகொடுத்தார்கள். நான் எழுதினேன்: "ஸ்க்ரப் பைத்தன் வகை. இவ்வகையின் பல வடிவங்கள் ஒன்றோடொன்று ஒத்திருப்பதால் பூர்வீக இடத்தை உறுதியாகச் சொல்ல முடியாது. இவற்றில் சில செல்லப்பிராணிகளாக விற்கப்படுகின்றன."

ஒவ்வொரு வசனமும் தனியே எடுத்தால் சரி. சேர்த்து வாசித்தால் ஒரு மனிதனின் கழுத்தில் கை வைப்பது.

மூன்றாவதாகச் செய்ததற்கு அப்படி ஒளிய இடமும் இல்லை. தேவராஜின் வக்கீல் எங்கள் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். பரிசோதகர் அடிப்புறம் பார்க்கவில்லை, தூக்கிக் காட்டுகிறேன் என்று சொன்னபோதும் மறுத்தார் என்று தன் கட்சிக்காரர் சொல்வதாக. என்னிடம் எழுத்தில் பதில் கேட்டார்கள். நடைமுறைப்படி முழுமையாகப் பரிசோதித்தேன் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தேவராஜின் கைத்தொலைபேசியில் ஈப்போவில் வளர்த்த பாம்புகளின் படங்கள் இருந்தன. நான்கு வருடம் பாம்பை ஒளித்துவைத்தவர் சொல்வதையா, பதினாலு வருடம் வேலை செய்த அதிகாரி சொல்வதையா நம்புவார்கள் என்று வக்கீல் அவரிடம் கேட்டிருக்கிறார். தேவராஜ் எல்லாக் குற்றத்தையும் ஒப்புக்கொண்டார். சிறைக்குப் போகவில்லை. ஆனால் கடத்தல்காரர் என்ற பெயர் பதிவாகிவிட்டது. வதிவிட விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இருவரும் மலேசியாவுக்குத் திரும்பினார்கள். அவர்கள் போன செய்தியைக் கோயிலில் யாரோ சொல்லத்தான் கேட்டேன். கேட்டுவிட்டு அன்னதான வரிசையில் நின்று சாப்பிட்டேன்.

சில மாதங்களில், திசுவை அனுப்பியிருந்த வெளிநாட்டு ஆய்வுகூடத்திலிருந்து மரபணு அறிக்கை வந்தது. வட குயின்ஸ்லாந்து, சந்தேகமில்லை. கிரேம் அதை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். கதவைச் சாத்தினார். அவர் கதவு சாத்திப் பேசிய ஒரே நாள் அது.

"அடியில் பார்த்தாயா?"

"இல்லை" என்றேன்.

அறிக்கையை என் மேசையில் வைத்தார். "இதை நீ எழுதுகிறாயா, நான் எழுதவா?"

"நானே எழுதுகிறேன்."

"சரி" என்றார். என் வார்த்தையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த மாதம் ஓய்வு பெற்றார். நான் எழுதவில்லை. அறிக்கை கோப்புக்குள் போயிற்று. முடிந்த வழக்கின் கோப்பை யாரும் திறப்பதில்லை. ஒரு வருடம் கழித்துத் தொலைபேசியில் கிரேம், "அதை முடித்துவிட்டாய்தானே?" என்று கேட்டார். ஓம், முடித்துவிட்டேன் என்றேன். அவர் இப்போது உயிரோடு இல்லை. நான் நல்லவன் என்று நினைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

ஷாமினியின் மின்னஞ்சல் வந்தபோது நாலு பக்கத்தை எழுத உட்கார்ந்தேன். தோலை விரித்த இடம்வரை சுலபமாக வந்தது. அதற்கு மேல் கை ஓடவில்லை. கோலாலம்பூரில் மனைவியின் ஒன்றுவிட்ட தம்பியின் மகளுக்குக் கல்யாணம். போவதாக ஏற்கெனவே இருந்தது. கல்யாணம் முடிந்த மறுநாள், பழைய சிநேகிதரைப் பார்க்கப் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு ஈப்போ பஸ் ஏறினேன். விலாசம் ஆக்லாந்தில் தெரிந்த ஒருவரிடம் வாங்கியிருந்தேன்.

தேவராஜ் நரைத்துவிட்டார். ஒரு டயர்க் கடையில் வேலை. என்னைப் பார்த்ததும் திகைத்து, பிறகு "வாங்கண்ணே, உக்காருங்க" என்றார். மல்லிகா உள்ளே தேநீர் போடும் சத்தம் கேட்டது. நான் உட்காராமலே சொன்னேன். அடிப்புறம் பார்க்காதது, ஹெலனுக்குச் சொன்னது, செதில் எண்ணியது, வக்கீலுக்கு எழுதியது, மரபணு அறிக்கை. எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் மல்லிகா தட்டத்தோடு வந்து வாசலில் நின்றுவிட்டதை நான் கவனிக்கவில்லை.

தேவராஜ் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவ ஆஸ்திரேலியாக்காரின்னு எண்ணிப் பாத்தப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"ஓம். தெரியும்."

"நானா ஏமாந்து போய்ட்டனோன்னு நெனச்சிருக்கேண்ணே. அது வேற எங்கேர்ந்தாச்சும் வந்திருக்குமோ, நாந்தான் ரகம் தெரியாம உளர்றேனோன்னு. என்னையே சந்தேகப்பட்டேன்."

மல்லிகா மூன்று கோப்பைகளும் இருந்த தட்டத்தை அப்படியே திருப்பி உள்ளே கொண்டுபோனார். குழாயைத் திறந்து ஊற்றும் சத்தம் கேட்டது.

"எங்கிட்ட வந்து சொல்லி என்னண்ணே ஆகப்போவுது" என்றார் தேவராஜ். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். "அங்க போய்ச் சொல்லுங்க. எழுதிக் குடுங்க."

ஆக்லாந்துக்குத் திரும்பியதும் முதலில் என் மனைவியிடம் சொன்னேன். அவள் முழுவதும் கேட்டுவிட்டு, "அந்த ரெண்டு பிள்ளையளின்ர முகத்தப் பாத்து எப்பிடியப்பா உங்களுக்குச் சோறு இறங்கினது?" என்றாள். அடுத்த திங்கள் எல்லர்ஸ்லியில் ஒரு வக்கீலின் அலுவலகத்தில் சத்தியக் கடதாசி எழுதினேன். அதன் ஒரு பிரதி என் பழைய திணைக்களத்துக்கு, ஒன்று தேவராஜுக்கு. என்மேல் நடவடிக்கை வரலாம் என்று வக்கீல் எச்சரித்தார். வரட்டும்.

ஷாமினி, இதைப் புதியவர்களுக்குக் கொடுப்பதா இல்லையா என்பதை உன் மேலதிகாரிகள் தீர்மானிக்கட்டும். கொடுத்தால் முழுவதையும் கொடு. தோலை விரித்த பகுதியை மட்டும் வெட்டி எடுக்காதே.

போன வாரம் தேவராஜிடமிருந்து ஒரு செய்தி வந்தது. தீர்ப்பை மாற்றக் கேட்டு விண்ணப்பம் போட ஆக்லாந்தில் ஒரு வக்கீல் முன்வந்திருக்கிறார், கடதாசி மட்டும் போதாது, நான் நீதிமன்றத்தில் நேரில் நின்று சொல்ல வேண்டும் என்று அவர் சொல்கிறாராம். "வருவீங்களாண்ணே?" வருவேன் என்று எழுதினேன். சற்று நேரத்தில் அதே இலக்கத்திலிருந்து இன்னொரு வரி வந்தது. "இது மல்லிகா. நிச்சயமா?"

நம்புங்கோ என்று எழுதி அழித்தேன். சத்தியமாக என்று எழுதி அழித்தேன். கடைசியில் ஓம் என்று மட்டும் அனுப்பினேன். அவர் அதைப் பார்த்துவிட்டதாகக் காட்டியது. பதில் வரவில்லை.